வெளிச்சம் ஆகாத பாசி

அந்த ஜன்னலை மூடியே தீரணும்னு பாசிக்காரர் முடிவு பண்ணிட்டாரு.

சாதாரண முடிவு இல்லை. பல்லைக் கடிச்சுக்கிட்டு, தலகாணியை முகத்து மேல கவுத்துக்கிட்டு, அதுக்கு அடியிலேருந்து எடுத்த முடிவு. வழக்கமா அந்த வீட்டுல அவரு எடுக்கிற முடிவெல்லாம் தலகாணிக்கு அடியில பிறந்து அங்கேயே காலமாகிற ரகம். இது ஒண்ணாவது வெளியில வந்து நாலு பேர் முகத்தைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாரு.

அவருக்கு ராத்திரி வேலை. இறால் குஞ்சு வளர்க்கிற பண்ணையில. பிறந்த இறால் குஞ்சு தூசியைவிடச் சின்னதா இருக்கும். அதை மடியில போட்டு ஊட்டிவிட முடியாது. அது திங்கறது ஒண்ணே ஒண்ணுதான்: பச்சைத் தண்ணி. அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்குல மிதக்கும். அதை வளர்க்கிறவரு இவரு. ஒரு நீள ரூம்பு. வரிசை வரிசையா கண்ணாடி பாட்டில். ஒவ்வொரு பாட்டிலுக்கும் மூக்குல மாட்டின மாதிரி ஒரு காத்துக் குழாய். முதுகுக்குப் பின்னால பளீர்னு டியூப் லைட். பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. அது குறைஞ்சா வெளுத்துப்போய் அடியில உட்கார்ந்துடும். அதனால விடிய விடிய லைட் எரியும். லைட்டுக்கு முன்னால விடிய விடிய இவரும் எரிவாரு.

விடிஞ்சு வீட்டுக்கு வந்தா, சூரியன் அடுத்த ஷிப்ட்டுக்கு ரெடியா ஜன்னல்ல நிக்கும்.

இத்தனைக்கும் அவரு மனைவி திரை தைக்கிறவங்க. அந்தத் தெருவுல எந்த ஜன்னலைப் பார்த்தாலும் அவங்க தைச்ச திரைதான் தொங்கும். அவங்க வீட்டு ஜன்னல்ல மட்டும் காத்துதான் தொங்கும். காரணம் இருக்கு. வெளிச்சம் இல்லாம தைக்க முடியாது. வீட்டுல வெளிச்சம் வர்ற ஜன்னல் ஒண்ணே ஒண்ணு. அது படுக்கிற ரூம்புல இருக்கு. முன் ரூம்பு ஜன்னலைத் திறந்தா அடுத்த கட்டடத்துச் சுவர்தான் உள்ளே எட்டிப் பார்க்கும்.

அப்ப அவரு முன் ரூம்புல படுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. படுத்தாரு. அளவு குடுக்க வர்றவங்க எல்லாரும் அவரைத் தாண்டித்தான் வரணும். ஒரு அம்மா தாண்டக்கூட இல்லை. அவரு மேலேயே துணியை விரிச்சு, தலைக்கும் காலுக்கும் நீளம் பார்த்து, "ரெண்டு சாண் பத்தலையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

பத்தாததுக்கு, போன வாரம் பண்ணையில பாட்டில்களுக்கு நடுவுல நின்னுக்கிட்டே தூங்கிட்டாரு. விழாம இருக்க எதையோ புடிச்சாரு. புடிச்சது காத்துக் குழாய். மேனேஜரம்மா காலையில வந்து பார்த்தப்ப ஒரு கையில குழாயோட, வாயைத் திறந்துக்கிட்டு நின்னாரு.

"இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன், தொட்டி கழுவுற பக்கம் அனுப்பிடுவேன்"னு அந்த அம்மா சொல்லிட்டாங்க. சத்தம் போட்டுச் சொல்லியிருந்தாகூட பரவாயில்லை. சாதாரணமா, டீ வேணுமான்னு கேக்கிற குரல்ல சொன்னாங்க.

இதை வீட்டுல சொல்லலாமா? சொல்ல மாட்டாரே. "ராத்திரி வேலை எனக்கு ஒண்ணுமே இல்லை, தூக்கம்கிறது எல்லாம் பழக்கம்தான்"னு ஊர் முழுக்கச் சொல்லி வெச்சவரு. அதனால நேரா ஜன்னலுக்கே போனாரு.

"ஏம்மா, அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போட்டா வீட்டுக்கே ஒரு களை வரும்ல?"

மனைவி மெஷினை நிறுத்தலை. "களை வரும். நூல் கோக்கிறது யாரு?"

"லைட்டைப் போட்டுக்கோயேன்."

"லைட்டுல கருநீலமும் கருப்பும் ஒண்ணாத் தெரியும். போன தடவை ஒருத்தர் வீட்டுத் திரைக்கு மேல் பாதி ஒரு கலர், கீழ் பாதி ஒரு கலர். மறுபடி பிரிச்சது நான். நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

"நான் எங்கே தூங்கினேன்..."

"அப்ப முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க? உங்களுக்கு எதுக்குத் திரை?"

அவரு வாயை மூடிக்கிட்டாரு. ஜன்னல் மூடலை.

அன்னிக்கு ராத்திரி பாட்டில் வரிசையைப் பார்த்துக்கிட்டே நின்னப்பதான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சு. தன் பேச்சை வீட்டுல யாரும் கேக்கிறது இல்லை. சரி. ஆனா பண்ணை சொன்னா? பாசி சொன்னா?

காலையில சாப்பாட்டுப் பைக்குள்ள ஒரு பாட்டிலோட வீட்டுக்குள்ள வந்தாரு. பையைத் திறக்கறப்ப ரூம்புக் கதவைச் சாத்தி, முதுகைக் காட்டி நின்னு, ஒரு துண்டால மூடி, பச்சைப் புள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கினாரு.

"என்ன அது? கீரை கழுவின தண்ணியா?"

"மெதுவாப் பேசு. பாசி. புது ரகம். மேனேஜரம்மா என்னை நம்பிக் குடுத்திருக்காங்க."

"உங்களை நம்பியா?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன். சொல்லுங்க."

"இந்தப் பாசிக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் முடிஞ்சது கதை."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வெச்சாங்க. "பாசிக்கு வெளிச்சம்தான் சோறுன்னு பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே எங்க அப்பாகிட்ட மூச்சு விடாம சொன்னீங்களே. வேற எதுவுமே பேசலை நீங்க."

"அது அந்தப் பாசி. இது இருட்டுப் பாசி."

"பார்க்க அதே மாதிரிதான் இருக்கு."

"பார்க்கத்தான்."

"இங்கே எதுக்கு வந்துச்சு? அங்கே இருட்டு இல்லையா?"

"அங்கே எங்கே இருட்டு? ராத்திரி பகல் லைட்டு. ஒரு நல்ல இருட்டு ரூம்பு வேணும். ஒரு பொறுப்பான ஆளு பக்கத்துலயே இருக்கணும். படுத்துக்கிட்டுகூட இருக்கலாம்."

"ஓஹோ."

இந்த 'ஓஹோ'வை அவரு கவனிச்சிருக்கணும். கவனிக்கலை. தூக்கக் கலக்கம். மேல கொஞ்சம் சர்க்கரை போட்டாரு. "இது நல்லா பச்சை ஏறிட்டா என்னை பகல் ஷிப்ட்டுக்கு மாத்திடுவாங்க. அப்புறம் பகல் முழுக்க இந்த ரூம்பு உனக்குத்தான். கட்டிலை நிமிர்த்தி வெச்சுட்டு நாலு மெஷின்கூடப் போட்டுக்கோ."

மனைவி பாட்டிலைப் பார்த்தாங்க. அவரைப் பார்த்தாங்க. அப்புறம் ஜன்னலைப் பார்த்தாங்க. "சரி, நல்ல கனமான துணியாவே போட்டுடறேன்"னாங்க.

அவருக்கு நம்ப முடியலை. மறுநாள் காலையில வந்து பார்த்தா ஜன்னலுக்கு மேலேருந்து கணுக்கால் உயரம் வரைக்கும் கருப்புத் திரை. உள்ளே இன்னொரு கருப்பு லைனிங். ஓரத்துல ஊசி நுழையற சந்துகூட இல்லை. தையல் மெஷின் முன் ரூம்புக்குப் போயிடுச்சு. ரூம்பு கிணத்து அடி மாதிரி இருந்துச்சு. பாட்டிலைக் கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல வெச்சாரு. அதுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. படுத்தாரு.

சாயங்காலம் மனைவி வந்து உலுக்கினப்ப, தான் யாரு, இது எந்த ஊருன்னு கொஞ்ச நேரம் அவருக்குப் பிடிபடலை. அவ்வளவு தூக்கம்.

இப்படியே போயிருந்தா இந்தக் கதையே இல்லை. ஆனா பாட்டில்ல இருக்கிறது பாசி. இவரு சொன்ன பொய் அதுக்குத் தெரியாது. பகல் முழுக்க இருட்டுல கிடந்து கலங்கிப்போச்சு. பச்சை மங்கி, பாதி அடியில போய் உட்கார்ந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படிப் போனா பாசி சாகும். பாசி செத்தா திரை இறங்கும். திரை இறங்கினா தொட்டி கழுவணும்.

அவரு பாட்டிலை மறுபடி சாப்பாட்டுப் பையில வெச்சாரு.

"எங்கே தூக்கிட்டுப் போறீங்க?"

"தினம் ராத்திரி அங்கே பரிசோதனை இருக்கு."

"போற வழியில தெருவிளக்கு இருக்கே? ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும்னு சொன்னீங்க?"

"ஜிப் போட்டுடுவேன்."

"அப்ப சரி. டிபன் டப்பா பக்கத்துல வைக்காதீங்க, தெரியாம குடிச்சிடப் போறீங்க."

பண்ணைக்குப் போனதும் முதல் வேலையா அதை டியூப் லைட்டுக்கு முன்னால வெச்சு, ஒரு காத்துக் குழாயையும் சொருகிவிட்டாரு. விடியறதுக்குள்ள பாசி தெளிஞ்சு எழுந்துடுச்சு. காலையில பச்சைப் பசேல்னு வீட்டுக்குத் திரும்பிச்சு. ராத்திரி அங்கே வெளிச்சம், பகல்ல இங்கே இருட்டு. இவருக்கு நேர் எதிர் இல்லை, அப்படியே இவரு மாதிரிதான். பாசியும் ராத்திரி ஷிப்ட்டுக்குப் போய் வந்துச்சு.

அப்புறம்தான் அடுத்த சிக்கல் உறைச்சுது. பச்சை ஏறிட்டா பகல் ஷிப்ட்டுன்னு இவரே சொல்லியிருக்காரு. பாசி சாகவும் கூடாது, வளரவும் கூடாது. தினம் விடியறப்ப கொஞ்சத்தை ஊத்திட்டு, புதுத் தண்ணி விட்டுக் கலந்தாரு. இத்தனை வருஷம் பாசியை வளர்க்கச் சம்பளம் வாங்கின மனுஷன், இப்ப ஒரு பாட்டில் பாசியைத் தலையில தட்டித் தட்டி உட்கார வெச்சுக்கிட்டு இருந்தாரு. மனைவி ஒவ்வொரு நாளும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பாட்டில் கழுத்துப் பக்கம் குனிஞ்சு பார்ப்பாங்க. கையில ஏதாவது ஒரு நூல்கண்டு இருக்கும்.

"ஏற மாட்டேங்குதே?"

"அவசரப்பட்டா முடியுமா? கூச்ச சுபாவம் உள்ள பாசி."

அப்பதான் அந்த அதிசயம் ஆரம்பிச்சுது.

ஒரு சாயங்காலம் எழுந்து பார்த்தாரு. மங்கிப்போயிருக்க வேண்டிய பாட்டில் காலையில இருந்ததைவிடப் பச்சையா இருந்துச்சு. கண்ணைத் தேய்ச்சுக்கிட்டுப் பார்த்தாரு. மறுநாளும் அப்படித்தான். நிறைய ஊத்திட்டு நிறையத் தண்ணி விட்டாரு. சாயங்காலம் மறுபடி ஏறியிருந்துச்சு. தொட்டுப் பார்த்தா பாட்டில் லேசா வெதுவெதுப்பா இருந்துச்சு. உயிர் உள்ளதுக்குச் சூடு இருக்காதான்னு நினைச்சுக்கிட்டாரு. ஒரு நாள் மேல் பக்கம் மட்டும் மஞ்சளா வெளுத்திருந்துச்சு. பக்குன்னு ஆச்சு. மறுநாள் அதுவும் சரியாகி, முன்னைவிட அடர்த்தியா நின்னுச்சு. பாட்டில் மூடியில ஒரு வெள்ளை நூல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. தையல்காரி வீட்டுல சோத்துலயே நூல் இருக்கும், பாட்டில்ல இருக்காதான்னு ஊதிவிட்டாரு.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். பொய் சொல்றவன் எல்லாரும் கெட்டவன் இல்லை. ஆனா தான் சொன்ன பொய்யைத் தானே நம்புற ஆளு ரொம்ப அபூர்வம். பாசிக்காரர் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாரு. நிஜமாவே இது இருட்டுல வளர்ற பாசியா இருந்தா? தான் வாய்க்கு வந்ததைச் சொல்லி, அது உண்மையாப் போயிருந்தா?

ஒரு சோதனை வெச்சாரு. பண்ணையில பாட்டிலை லைட்டுக்கு முன்னால வைக்கவே இல்லை. ராத்திரி முழுக்க பையிலேயே ஜிப்போட கிடந்துச்சு. பகல்ல வீட்டு இருட்டு. ஆக, வெளிச்சமே கிடையாது. சாயங்காலம் எழுந்து பார்த்தாரு.

பச்சை.

வாசல்ல ஏணியைச் சாத்தி வெச்சுக்கிட்டு நின்ன பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன்கிட்ட முதல்ல போய்ச் சொன்னாரு.

"அண்ணே, லைட்டே இல்லாம வளர்ற பாசி கண்டுபிடிச்சுட்டேன்."

"லைட்டே இல்லாமயா?"

"ஒரு பொட்டு கிடையாது."

எலக்ட்ரீஷியன் முகம் மாறிப்போச்சு. "ஏம்ப்பா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"உங்களுக்கு இதுல என்னண்ணே?"

"இன்னிக்குப் பாசி, நாளைக்கு மனுஷன். எல்லாம் இருட்டுலயே வளர ஆரம்பிச்சா என் பொழப்பு என்ன ஆகறது?"

"உலகம் முன்னேறுறப்ப நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும்ணே"ன்னு பெருந்தன்மையாச் சொல்லிட்டு பாசிக்காரர் பண்ணைக்குக் கிளம்பினாரு. அன்னிக்கு நடையே வேற.

மேனேஜரம்மா பொறுமையாக் கேட்டாங்க. பாட்டிலை அனுமதி இல்லாம வீட்டுக்குக் கொண்டுபோனதை அவரு கடைசியில, ரொம்பச் சின்னதா, இருமலோட சேர்த்துச் சொன்னாரு.

"அதாவது, இத்தனை லைட்டும் தேவையில்லைங்கறீங்க."

"தேவையே இல்லை மேடம்."

"நல்லது. அப்ப அந்த பாட்டில்லேருந்து வித்து எடுத்து, கடைசி வரிசைக்குப் போடுங்க. அந்த வரிசைக்கு லைட்டை அணைச்சுடுங்க. பார்ப்போம்."

அணைச்சாரு. கருப்புப் பையைக் கிழிச்சு நாலு பக்கமும் மறைக்கவும் செஞ்சாரு. தினம் போய்ப் பையைத் தூக்கிப் பார்த்தாரு. வரிசை மங்கிச்சு. வெளுத்துச்சு. ஒரு நாள் பார்த்தப்ப மேல தெளிஞ்ச தண்ணி, அடியில சேறு. கடைசி வரிசை மொத்தமும் போயிடுச்சு. வீட்டு பாட்டில் மட்டும் ஜம்முனு பச்சையா, ஒண்ணும் தெரியாத மாதிரி ஸ்டூல் மேல உட்கார்ந்திருந்துச்சு.

மேனேஜரம்மா செத்த வரிசையைப் பார்த்தாங்க. "இங்கே சாகுது. உங்க வீட்டுல வளருது. உங்க வீட்டு இருட்டுல என்ன விசேஷம்னு நானே வந்து பார்க்கிறேன். நாளைக்கு மதியம். அங்கேயும் சரியா இல்லைன்னா மறுநாள் காலையிலேருந்து தொட்டி."

வீட்டுக்கு வந்ததும் மனைவிகிட்ட சொன்னாரு. "மேனேஜரம்மா மதியம் வர்றாங்க. பாட்டிலைப் பார்க்க. வர்றதுக்கு முன்னாடி என்னை எழுப்பிவிட்டுடு. மறந்துடாதே. நானே விளக்கணும்."

"நான் மறப்பேனா?"

கவலையில தூக்கம் வராதுன்னு நினைச்சாரு. ஆனா அந்தத் திரை கவலைக்கெல்லாம் வழிவிடற திரை இல்லை. கண்ணை மூடினதுதான் தெரியும்.

முழிப்பு வந்தது பேச்சுச் சத்தத்துல. ரூம்பு இருட்டாத்தான் இருந்துச்சு. ஸ்டூல் மேல பாட்டில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாரு. கருப்புத் திரைக்குக் கீழே ரெண்டு ஜோடிக் கால் தெரிஞ்சுது. ஒரு ஜோடி அவருக்கு நல்லாத் தெரிஞ்ச கால். இன்னொரு ஜோடியில பண்ணையில போடற ரப்பர் செருப்பு.

ரெண்டு பேரும் திரைக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"எழுப்பட்டுமா மேடம்?" இது மனைவி.

"வேண்டாம். அவரு தூங்கறதைப் பார்க்கிறது எனக்குப் புதுசு இல்லை."

"வேலையிலயா தூங்கறாரு?"

"நின்னுக்கிட்டே. குழாயைப் புடிச்சுக்கிட்டு. அன்னிக்கே சொன்னேனே, தொட்டிப் பக்கம் அனுப்பிடுவேன்னு. வீட்டுல சொல்லலையா?"

"சொல்லலை"ன்னாங்க மனைவி. குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்துச்சு.

பாசிக்காரர் கண்ணை இறுக மூடிக்கிட்டாரு. இனி எழுந்தா அசிங்கம். எழுந்திரிக்காம இருந்தா, தூங்கற மனுஷனை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

"இது தினம் இந்த ஜன்னல்லதான் இருக்கா?"

"ஆமா மேடம். அவரு அசந்ததும் எடுத்து இங்கே வெச்சுடுவேன். எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஸ்டூல் மேல வெச்சுடுவேன். திரைக்கு இந்தப் பக்கம் பாசிக்கு வெளிச்சம், அந்தப் பக்கம் அவருக்கு இருட்டு."

"இதுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தாராமே?"

"சொன்னாரு. நான் பச்சை நூல்கண்டைப் பக்கத்துல வெச்சு நிறம் ஒத்துப் பார்த்தேன். காலையில பண்ணையிலேருந்து வர்றப்ப ஒரு பச்சை. சாயங்காலம் இங்கேருந்து கிளம்பறப்ப அதைவிட மங்கின பச்சை. இருட்டுல இருந்தா நிறம் போகுது, எங்கேயோ போய் நிறம் வாங்கிட்டு வருது. அப்ப எது ஆகாது மேடம்? பச்சை ஏறினா பகல் வேலைன்னாரு. ஏறட்டும், எப்படி முழிக்கிறாருன்னு பார்ப்போம்னு வெச்சேன்."

கட்டில்ல ஒரு முழங்கால் தானா மடங்கி நீண்டுச்சு.

"இந்த நெட் துணி?"

"முதல்ல வெயில்ல அப்படியே வெச்சேன். மேல மஞ்சளாகிடுச்சு. சாயம் போற துணியை வெயில்ல காயப்போட்டா போகுமே, அந்த மாதிரி. அப்புறம் இந்த மெல்லிசு வெள்ளை நெட்டைக் குறுக்கே கட்டினேன். உச்சி வெயில்ல ரெண்டு மடிப்பு, மத்த நேரம் ஒரு மடிப்பு. அடியில உட்கார்ந்துக்குது, அதனால இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் ஒரு சுத்து சுத்திவிடுவேன். அடியில இருக்கிறதுக்கும் வெளிச்சம் வேணும்ல."

மேனேஜரம்மா பாட்டிலைச் சுத்திப் பார்க்கிற சத்தம் கேட்டுச்சு. "எங்க கண்ணாடிக் கூரை ஷெட்டுல இதேதான் பிரச்சினை. பெரிய தொட்டி எல்லாம் உச்சி வெயில்ல மேல மஞ்சளாகுது. மொத்தமா மூடினா வளரலை. இழுத்துவிடற மாதிரி, மடிக்கிற மாதிரி இந்தத் துணியிலயே தைச்சுத் தர முடியுமா? ஷெட்டு முழுக்க?"

"தைக்கலாம் மேடம். பெரிய வேலை. மாசக்கணக்குல ஆகும். ஆனா எனக்கு இந்த ஜன்னல் வேணும்."

"உங்க ஜன்னல்தானே?"

"அதைத்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"சரி. இந்த பாட்டிலை நான் எடுத்துட்டுப் போறேன், செத்த வரிசைக்கு வித்து போடணும். உங்க வீட்டுக்காரர் விஷயம். பொய் சொல்லி ஒரு வரிசையைக் கொன்னுருக்காரு. தொட்டி கழுவத்தான் அனுப்பணும்."

மனைவி யோசிச்சாங்க. "தொட்டி கழுவறது ராத்திரி வேலையா மேடம், பகல் வேலையா?"

"பகல்."

பாசிக்காரர் கட்டில்ல காதைத் தீட்டிக்கிட்டாரு. பகல் வேலை! இத்தனை நாள் பயந்த தொட்டி, பகல் தொட்டியா? இதை யாரும் சொல்லவே இல்லையே. பகல்ல கழுவலாம், ராத்திரி இருட்டுல, உலகமே தூங்கறப்ப, எல்லா மனுஷனும் போல... அனுப்புங்க மேடம், அனுப்புங்கன்னு கட்டில்ல கிடந்தபடியே மனசுக்குள்ள கும்பிட்டாரு.

"அப்ப ராத்திரி வீட்டுலயா இருப்பாரு?"

"ஆமா."

"வேண்டாம் மேடம்."

"ஏம்மா?"

"குறட்டை. ராத்திரி வேலைக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்துதான் நான் தூங்கவே தூங்கறேன். அவரு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். இனிமே வேலையில தூங்க மாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு."

எழுந்திரிச்சு 'தொட்டி கழுவறேன்'னு கத்தலாம். கத்தினா இவ்வளவு நேரம் முழிச்சுக்கிட்டு இருந்தது தெரிஞ்சுபோகும். தான் ஆழ்ந்து தூங்கறதை உறுதிப்படுத்தறதுக்காக ஒரு குறட்டை விட்டாரு.

"இதுவா? இது ஒண்ணும் அவ்வளவு மோசமா இல்லையே"ன்னாங்க மேனேஜரம்மா.

"இது சும்மா மேடம். இப்ப முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு. நிஜக் குறட்டை முடியறப்ப ஒரு விசில் வரும்."

அடுத்த குறட்டையில விசில் வந்துச்சு.

திரை லேசாக் குலுங்கிச்சு. அப்புறம் ரப்பர் செருப்பு கட்டிலைத் தாண்டி வாசல் பக்கம் போச்சு. "எழுந்ததும் சொல்லுங்க. ராத்திரி வழக்கம்போல வரட்டும்"னு டீ வேணுமான்னு கேக்கிற அதே குரல் கேட்டுச்சு.

கதவு சாத்தின சத்தம் கேட்டதும் சரக்குன்னு திரை கழண்டு கீழே இறங்கிச்சு. வெளிச்சம் மொத்தமும் அவரு மூஞ்சியில வந்து உட்கார்ந்துச்சு.

"எழுந்திரிங்க. விசில் போதும்."

எழுந்து உட்கார்ந்தாரு. மனைவி தரையில கருப்புத் திரையை விரிச்சு, கத்தரிக்கோலை எடுத்தாங்க. நடுவுல ஒரு துண்டு வெட்டினாங்க. உள்ளங்கை அகலம்தான். ரெண்டு மடிப்பு, உள்ளே லைனிங். தையல் மெஷினை முன் ரூம்புலேருந்து தள்ளிக்கிட்டு வந்து, ஜன்னலுக்குக் கீழே பழைய இடத்துல நிறுத்தி, அந்தத் துண்டை நாலு பக்கமும் மடிச்சு அடிச்சாங்க. ரெண்டு ஓரத்துலயும் எலாஸ்டிக் கோத்தாங்க. அவரு பார்த்துக்கிட்டே இருந்தாரு. கேக்க பயம்.

கிட்ட வந்து அதை அவரு கண்ணு மேல வெச்சு, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால மாட்டிவிட்டாங்க. கிணத்து அடி இருட்டு. அதே இருட்டு. ஜன்னல் பாட்டுக்கு ஜன்னல் அங்கே திறந்து கிடந்துச்சு.

"இதை முதல் நாளே தைச்சுக் குடுத்திருக்கலாமே"ன்னாரு, இருட்டுக்குள்ளேருந்து.

"நீங்க ஜன்னலுக்குத்தான் திரை கேட்டீங்க. கண்ணுக்குக் கேக்கலையே."

"ஒரு வார்த்தை..."

"தூக்கம் வரலை, நின்னுக்கிட்டே தூங்கறேன், வேலை போயிடும் போல இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா? தூக்கம்கிறது பழக்கம்னு ஊர் முழுக்கச் சொன்னீங்க. ஒரு வாய் பேச வெட்கப்பட்டுக்கிட்டு, ஒரு பாட்டில் பாசியைக் கூட்டிட்டு வந்து பேச வெச்சீங்க."

படுத்தாரு. போர்வையை யாரோ கால் வரைக்கும் இழுத்துவிட்டாங்க. யாரோ என்ன, வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேர். நல்ல இருட்டு. கண்ணு சொருகிச்சு. பரவாயில்லை, தோத்தாலும் தூங்கற மாதிரிதான் தோத்திருக்கோம்னு நினைச்சாரு.

அப்ப தலைமாட்டுல மெஷின் ஓட ஆரம்பிச்சுது. கடகடகடகடன்னு கட்டிலே ஆடிச்சு. கண்ணாடிக் கூரை ஷெட்டு முழுக்க. மாசக்கணக்குல.

கண் திரைக்குள்ள பாசிக்காரர் கண்ணு திறந்துக்கிச்சு. அசையாம கிடந்து, மெல்ல யோசிக்க ஆரம்பிச்சாரு.

மெஷின் நின்னுச்சு.

"சத்தம் கேட்டா செத்துப்போற பாசின்னு நாளைக்கு எதையாவது தூக்கிட்டு வந்துடாதீங்க."